கூத்துத் திடலுக்கு எந்தக் கட்டில், மலைக்கு எந்தக் கட்டில்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பாரத விழா நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் சிரமம் உடனே புரியும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என்று பல ஊர்களில் 18 நாள் நடக்கும். கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், விடியும்போதுதான் முடியும். சின்ன வயதில் எங்களுக்கு ஒரு கோரைப்பாயும் ஜமுக்காளமும் போதும். இப்போது அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் அர்ச்சுனன் தபசையும் துரியோதனன் படுகளத்தையும் பார்க்காமல் ஒரு வருடமும் இருந்ததில்லை, இனியும் இருக்கமாட்டார். அவருக்காகத்தான் முதல் மடக்குக் கட்டிலை வாங்கினேன். நண்பர்களோடு வத்தல்மலைக்கும் தளிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்க் கூடாரம் அடித்துத் தங்கத் தொடங்கிய பிறகு இன்னும் இரண்டு சேர்ந்துவிட்டன. மூன்று வகையிலும் முழு இரவு படுத்து எழுந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதுகுவலியைப் பேசுவதற்கு முன்னால் பாம்பைப் பேச வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள்தான் அதன் கடிக்குப் பெரும்பாலும் ஆளாகிறார்கள். கடித்த இடத்தில் வலி அதிகம் இருக்காது. பல் பட்ட தடம்கூடப் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுவலி வந்து, கண் இமை தானாகச் சரியும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் பல மணி நேரம் போயிருக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தேளும் பூரானும் வேறு இருக்கின்றன. ஆகவே கல்லும் புதரும் உள்ள நம் ஊரில் வெளியே படுப்பதென்றால் கட்டிலும் கொசுவலையும் சேர்ந்தே வர வேண்டும். வலையின் ஓரம் தரையில் தொங்கக் கூடாது. படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும்.

இனிக் கட்டில்கள். முதலாவது நாம் எல்லோரும் அறிந்த நாடாக் கட்டில். இரும்புக் குழாய்ச் சட்டம், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நைலான் நாடா, நடுவில் மடங்கும் கீல். நல்ல கட்டில் பத்துக் கிலோவைத் தாண்டும். மடக்கினாலும் அகலம் குறையாது, நீளம்தான் பாதியாகும். பஸ்ஸில் ஏற்றுவது வீண் வேலை. டிராக்டரோ, சரக்கு ஆட்டோவோ, காரின் மேல்தளமோ வேண்டும். இந்தக் குறையைத் தவிர, கூத்துத் திடலில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாடாவின் இடைவெளி வழியே கீழிருந்து காற்று வரும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அந்தக் காற்றின் அருமை படுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்தால் கால் பாதம் தரையில் முழுதாகப் பதியும். கையை ஊன்றி எழ உறுதியான குழாய் இருக்கும். அம்மா யார் உதவியும் இல்லாமல் உட்கார்ந்து, படுத்து, எழுந்து போவது இதில் மட்டும்தான். நாடா தொய்ந்தால் இழுத்துக் கட்டலாம், அறுந்தால் புது நாடா போடலாம். இப்போது இருக்கும் கட்டிலுக்கு, வாங்கிய ஏழாவது வருடத்தில் நாடா முழுவதையும் மாற்றினேன், சட்டம் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அது நடுக்குழாய். கட்டில் மடங்கும் இடத்தில் சில வகைகளில் குறுக்காக ஒரு குழாய் போகும். கடையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. மல்லாந்து ஒரு நிமிடம் படுத்தாலும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு ஒருக்களித்துத் திரும்பும்போது இடுப்பெலும்பு நேராக அதன்மேல் போய் இடிக்கும். இப்போது இருப்பதற்கு முன்னால், முதலில் நான் வாங்கிய நாடாக் கட்டில் அப்படிப்பட்டதுதான். நாடா புதிதாக விறைப்பாக இருந்தவரை குழாய் மேலே தட்டுப்படவில்லை. ஒரு கோடை கழிந்து நாடா இரண்டு விரல் தொய்ந்ததும் தட்டுப்பட ஆரம்பித்தது. அம்மா மூன்று இரவு சொல்லாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் காலையில் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கட்டிலின் கீலில் இருந்த ஆணியும் அதே வருடம் தளர்ந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆகவே வாங்கும்போது நாடாவுக்கு அடியில் கையை விட்டு நடுக்குழாய் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். குழாயின் கேஜையும் கேளுங்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது என்று பொருள். 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். பருமனானவர்கள் படுப்பதற்கு 16 வாங்குவது நல்லது.

இரண்டாவது, துணிக் கட்டில். கத்தரிக்கோல் போலக் குறுக்காக விரியும் கால்கள், மேலே இழுத்துக் கட்டிய தடித்த பாலியஸ்டர் துணி. ஆறிலிருந்து ஒன்பது கிலோ இருக்கும். மடக்கினால் ஒரு மீட்டர் நீளத்தில் பெரிய குடைக்கட்டு மாதிரி ஆகிவிடும். உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறிவிடலாம். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் நான் ஏறியும் இருக்கிறேன். தீர்த்தமலை அடிவாரத்தில் சிவராத்திரி இரவு தங்கும்போதும் இதுதான் கைகொடுத்தது.

இதை விரிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு, புதிதாக வாங்கியவர்கள் பலர் இங்கேதான் மனம் வெறுத்துப்போகிறார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு குறுக்குக் கம்பி மாட்ட வேண்டும். முதல் கம்பி எளிதாகப் போய்விடும். இரண்டாவது போகவே போகாது, துணி அவ்வளவு விறைப்பாக இருக்கும். பலங்கொண்டு இழுத்தால் விரல்தான் நசுங்கும். கம்பியின் ஒரு முனையை அதன் முளையில் மாட்டிவிட்டு, மறுபக்கத்து நீளக்குழாயின் முனையைக் குதிகாலால் வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கம்பியை இரு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். டக்கென்று உட்காரும். முதல் முறை வீட்டிலேயே மாட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டால் துணி சற்றே இளகிக் கொடுக்கும். இருட்டில் திடலில் நின்றுகொண்டு முதல் தடவையாகப் பிரிக்காதீர்கள்.

துணிக் கட்டிலின் சுகம் அகலத்தில் இருக்கிறது. 65 செ.மீ. அகலமுள்ளதில் மல்லாந்து படுத்தால் இரு முழங்கையும் பக்கக் குழாயின்மேல் விழும். அரை மணி நேரத்தில் கை மரத்துப்போகும். 75 செ.மீ. இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பத்து செ.மீ. வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள், தூக்கமே அந்தப் பத்தில்தான் இருக்கிறது. நீளம் 190 செ.மீ. என்று எழுதியிருந்தாலும் இரு முனையிலும் கம்பிக்குப் பக்கத்தில் தலையோ காலோ வைக்க முடியாது. ஆறடி மனிதர் 183 செ.மீ. என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். துணியின் தடிமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம் என்றால் அது 600 டெனியர் நூல். அதற்குக் குறைந்த துணியை நான் வாங்கமாட்டேன். அதைவிட முக்கியம், குழாய் நுழையும் மடிப்பில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்பது. கிழிவது எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது நீட்டிப் படுத்தவரின் எடைக்குத்தான் பொருந்தும். அதே ஆள் கட்டிலின் நட்ட நடுவே ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தால் குழாய் வளைந்துவிடும். கால் இணையும் இடத்துக்கு அருகே உட்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆற்று மணலில் இதன் கால் புதையும். ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் இரவெல்லாம் சரிந்துகொண்டே இருப்பீர்கள். காலுக்கு அடியில் ஓட்டுத்துண்டோ, பலகையோ, தட்டையான கல்லோ வைத்தால் போதும்.

மூன்றாவது, இரண்டு, இரண்டரைக் கிலோவில் வரும் குட்டைக் கட்டில். அலுமினியக் குச்சிகள், வில்போல வளைந்த கால்கள், தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத உயரம். சுருட்டினால் தலையணை உறைக்குள் போய்விடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதுகுப்பையோடு மலையேறுகிறவர்களுக்கும் இதைவிட்டால் வேறு வழியில்லை. படுத்துவிட்டால் நன்றாகவே இருக்கிறது, உயரமில்லாத கூடாரத்துக்குள்ளும் அடங்குகிறது. ஆனால் விலை நாடாக் கட்டிலைவிட அதிகம். மாட்ட பத்து நிமிடம் பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பது தரையில் படுக்க வைப்பதற்குச் சமம். பூச்சி பொட்டிலிருந்து காப்பதிலும் இது பாதிதான், வலை இல்லாமல் இதில் படுக்கக் கூடாது. இந்தக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குள் போய்விடலாம் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். அவை யானைகள் நடமாடும் காடுகள். அங்கேதான் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இரவு தங்குவது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

காற்றடிக்கும் மெத்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர்க் கருவேல முள்ளுக்கு அது ஒரு இரவு தாங்கினால் பெரிது.

குளிரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் அந்தப் பக்கத்துப் பனி எலும்பைத் தொடும். கோடையில் சுகமாக இருந்த அதே கீழ்க்காற்று அப்போது பகையாகிவிடும். முதல் தடவை தளிப் பக்கத்தில் துணிக் கட்டிலில் இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தேன். மேலே சூடாகத்தான் இருந்தது, முதுகு மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோல் சில்லிட்டது. மூன்று மணிக்குமேல் தூங்கவில்லை. துணிக்கு அடியில் ஓடும் காற்று உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டே போகிறது, நாம் படுத்து அழுத்தியதால் அடியில் உள்ள விரிப்பும் தட்டையாகிச் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. மறுநாள் ஒரு கம்பளியை மேலிருந்து எடுத்துக் கீழே நான்காக மடித்துப் போட்டேன், அதற்கும் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன். போர்வை ஒன்று குறைந்தும் காலை ஆறு மணி வரை அசையவில்லை. குளிர்காலத்தில் நாடாக் கட்டிலை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அதன் இடைவெளிகளை அடைக்க எத்தனை விரிப்பு போட்டாலும் போதாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு 75 செ.மீ. அகலமுள்ள துணிக் கட்டிலைச் சொல்வேன். கோடையில் வெறுமனே, குளிரில் கம்பளி விரித்து என்று இரண்டுக்கும் ஒத்துப்போகும். ஆனால் வீட்டில் வயதானவர் இருந்து, அவரையும் விழாவுக்கு அழைத்துப்போக நினைத்தால் வண்டி வாடகையைப் பார்க்காமல் நாடாக் கட்டிலை வாங்குங்கள். வாங்குமுன் அவரையே கடைக்கு அழைத்துப்போங்கள். இரு பக்கமும் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிறகு கை கொடுக்காமல் எழச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

இந்த வருடம் எங்கள் வண்டியில் நாடாக் கட்டில் ஒன்றும் துணிக் கட்டில் ஒன்றும் போகின்றன. அர்ச்சுனன் ஏறும் தபசு மரம் நன்றாகத் தெரியும் பக்கமாக, ஒலிபெருக்கிக்குச் சற்றுத் தள்ளி, அம்மாவின் கட்டிலைப் போட இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.