சோங்சி: இனிப்பா, கறியா?

டிராகன் படகுத் திருவிழா நெருங்கினாலே போதும், சோங்சி இனிப்பாக இருக்கணுமா உப்பாக இருக்கணுமா என்று சீன இணையத்தில் வருஷம் தவறாமல் சண்டை மூண்டுவிடும். ஒட்டரிசியை இலையில் பொட்டலமாகக் கட்டி வேகவைக்கும் பண்டம்தான் சோங்சி. சிங்கப்பூர், மலேசியாப் பக்கம் 'பாக் சாங்' என்றால் சட்டென்று பிடிபடும்.

சாப்பாட்டுக்கு முன்னால் கதையிலேயே போட்டி இருக்கிறது. சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள்தான் திருவிழா. கி.மு. 278-இல் சின் நாட்டுப் படை தன் தாய்நாடான ச்சூவின் தலைநகரைப் பிடித்ததும் மனம் உடைந்து மிலுவோ ஆற்றில் விழுந்து உயிர்விட்டார் கவிஞர் ச்சூ யுவான். ஊரார் படகில் போய்த் தேடினார்கள், மீன்கள் உடலைத் தின்னாமல் இருக்கச் சோற்றை வீசினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. சூச்சோ நகரத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு இது பழைய வூ நாட்டு அமைச்சர் வூ சீசூவின் நாள். அந்த நாட்டு அரசன் ஃபூச்சாய் அவரைத் தற்கொலை செய்துகொள்ள வைத்து உடலை ஆற்றில் எறியச் சொன்னது கி.மு. 484-இல், அதாவது ச்சூ யுவானுக்கு இருநூறு வருஷம் முன்பு.

கதை என்று பார்த்தால் ச்சூ யுவான்தான் ஜெயிக்கிறார், வரலாறாக இரண்டுமே தேறாது. இலையில் தானியம் கட்டித் தின்பதைச் சொல்லும் 3-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று, அதைக் கோடைக்கால உச்ச நாளுக்கும் (வருஷத்தில் பகல் மிக நீண்ட நாள்) உரியது என்கிறதே தவிர கவிஞரைப் பற்றிப் பேசவில்லை. வெயில், பூச்சி, நோய் என்று ஐந்தாம் மாதமே ஆகாத மாதமாகக் கருதப்பட்டது. வாசலில் மாசிபத்திரி வகைச் செடியும் வசம்பும் (ஆமாம், நம் ஊரில் கைக்குழந்தைக்கு வளையலாகக் கோத்துப் போடுகிற அதே வசம்புதான்) கட்டுவது இன்றும் உண்டு. நோய் விரட்டும் நாள் முதலில், கதை அப்புறம் என்றே எனக்குப் படுகிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பெய்ஜிங் பக்கம் நாணல் இலைக்குள் ஒட்டரிசியும் சீன இலந்தையும், அவ்வளவுதான். ஆறவைத்து, சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார்கள். தெற்கே ச்சியாசிங் நகரத்துச் சோங்சிக்கு அரிசியையே சோயா சாஸில் பிரட்டி, ஊறவைத்த பன்றிக்கறியைக் கொழுப்போடு நடுவில் வைத்து மணிக்கணக்கில் வேகவிடுவார்கள், கொழுப்பு உருகி அரிசிக்குள் இறங்கிவிடும், சூடாகப் பிரித்தால் அந்த மணத்துக்கு முன்னால் இலந்தைச் சோங்சி நிற்காது. குவாங்தோங்கில் இதோடு பாசிப்பருப்பும் உப்பு முட்டை மஞ்சள் கருவும் சேரும். அதற்காகத் தெற்கென்றால் உப்புதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, காரநீர் (உறைப்பு இல்லை, சோடா மாதிரியான காரத்தைக் கரைத்த நீர்) சேர்த்து மஞ்சளாக வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் தொட்டுத் தின்னும் வகையும் அங்கேதான் இருக்கிறது.

தைவானில் சண்டை இனிப்பைப் பற்றியதே இல்லை. வடக்கே அரிசியை வதக்கிப் பிறகு ஆவியில் வேகவைப்பார்கள், தெற்கே வதக்காத அரிசியாகவே கட்டித் தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். "வடக்கத்தியது சோங்சியே இல்லை, மூலை வைத்துக் கட்டிய எண்ணெய்ச் சோறு" என்று தெற்கத்தியர்கள் கிண்டலடிப்பார்கள்.

தமிழ் நாக்குக்கு என்றால் என் ஓட்டு மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஞோஞ்ஞா (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீனக் குடும்பத்துச் சமையல்) வகைக்குத்தான். கொத்தமல்லித் தூள் போட்ட கறி, இனிப்பூட்டிய வெண்பூசணித் துண்டு, சங்குப்பூவால் நீலமான அரிசி, ரம்பை இலை வாசம் என்று இனிப்பும் உப்பும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும். பன்றிக்கறி ஆகாதவர்களுக்குக் கோழிக்கறி வைத்ததும் அங்கே விற்கிறார்கள். சைவக்காரர்கள் காரநீர்ச் சோங்சியைப் பாகோடு கேட்டு வாங்கலாம்.