மொக்கைப் படத்துக்குத் துணையாக மூன்று நிழல்கள்: ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’

‘லொள்ளு சபா’ மாதிரி இருக்கும் என்று நினைத்து இந்த அமெரிக்க டிவி நிகழ்ச்சியைத் தொடங்கினால் ஏமாற்றம்தான். அது படத்தைத் திரும்ப நடித்துக் கலாய்த்தது. இங்கே அசல் படமே ஓடும். விண்கலத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனும் டாம் சர்வோ, குரோ என்ற இரண்டு ரோபோக்களும் திரையின் அடியில் நிழலாக உட்கார்ந்து, கடைசிவரை கமெண்ட் அடிப்பார்கள். ஜோயல் ஹாட்ஜ்சன் 1988 நவம்பரில் மினியாபொலிஸின் உள்ளூர்ச் சேனல் ஒன்றில் ஆரம்பித்தது. சர்வோவின் தலை ஒரு மிட்டாய் மெஷின். குரோவின் அலகு இரண்டாகப் பிளந்த பிளாஸ்டிக் பவுலிங் பின். அந்தக் கைவேலைத்தனமே பாதி அழகு.

வரிசையாகப் பார்க்க வேண்டாம். முதல் சீசனில் வேகம் குறைவு; ஒரு கமெண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தூக்கம் வந்துவிடும். சர்வோவுக்குக் கெவின் மர்ஃபி குரல் கொடுக்கத் தொடங்கிய 2வது சீசனிலிருந்துதான் சூடு பிடிக்கிறது.

பலரும் முதலில் தேடிப் போவது 1966இல் வந்த ‘மேனோஸ்’. அதுதான் தப்பு. ஒரே மூச்சில் அரை நிமிடம் மட்டுமே ஓடும் கேமராவில் எடுத்து, வசனத்தைப் பிறகு ஒட்டவைத்த படம் அது. எதுவுமே நடக்காத காட்சிகளின் அலுப்பை எவ்வளவு நல்ல கமெண்டாலும் முழுக்கத் தூக்கிவிட முடியாது. அதைப் பத்தாவது எபிசோடாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்க ஏற்றது 8வது சீசனின் ‘ஸ்பேஸ் மியூட்டினி’. செத்துப்போன பெண் அதிகாரி அடுத்த காட்சியிலேயே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் படம்! அமெரிக்கச் சங்கதி எதுவும் தெரியாமலே சிரிக்கலாம்.

மற்ற இடங்களில் அந்தச் சங்கதிதான் தடங்கல். பழைய டிவி விளம்பரம், மினசோட்டா ஊர்ப் பெயர், எண்பதுகளின் பாட்டு என்று கமெண்டுகள் பறக்கும். மூன்றில் ஒன்று புரியாமல் போனால் விட்டுவிடுங்கள். நிறுத்தி நிறுத்தித் தேடினால் தாளம் கெடும். சப்டைட்டில் கட்டாயம், ஆனால் யூடியூபின் தானியங்கி சப்டைட்டில் உதவாது: படத்தின் வசனத்தையும் கமெண்டையும் ஒரே வரியில் குழப்பிவிடும். ஹெட்போன் போட்டால் இரண்டையும் பிரித்துக் கேட்க முடியும்.

ஒரு எபிசோடு சுமார் 90 நிமிடம். இடையிடையே வரும் ரோபோ நாடகங்கள் சில நேரம் சப்பென்று இருக்கும், தாராளமாகத் தள்ளிவிடலாம்.

விண்கலத்தில் மாட்டிக்கொண்டவனாக முதலில் நடித்தது ஜோயலேதான்; 1993இல் அவர் விலகி மைக் நெல்சன் வந்தார். யார் சிறந்தவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜோயல் படத்தைச் செல்லமாகக் கிண்டுவார், மைக் காலத்தில் குத்தல் அதிகம். 2017இல் நெட்ஃபிளிக்ஸில் ஜோனா ரேயுடன் திரும்பிவந்தபோது வேறு சிக்கல்: கமெண்டுகள் மூச்சுவிடாமல் கொட்டுகின்றன. படம் தானாகச் சொதப்ப ஓர் இடைவெளி வேண்டாமா? 2018இல் வந்த 12வது சீசனில் அது கொஞ்சம் சரியானது.

பிடித்த எபிசோடு திடீரென்று காணாமல் போகலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனியாக உரிமம் வாங்க வேண்டியிருப்பதே காரணம். ‘காட்ஸில்லா வெர்சஸ் மெகலான்’ இருந்த டிவிடி தொகுப்பைக் கடையிலிருந்தே திரும்பப் பெற்று, வேறு படத்தைப் போட்டு மறுபடி வெளியிட்டார்கள். பழைய டிவிடி கையில் இருந்தால் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.