சதுரம் வரையத் தெரியாத பிள்ளை: மூன்று அமெரிக்கத் தேர்வுகளில் எதை எடுப்பது?

கண் டாக்டர் எல்லாம் சரி என்கிறார், பிள்ளைக்கு மட்டும் ‘ப’வும் ‘ய’வும் குழம்புகிறது. கும்பகோணத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வது இதுதான். பார்த்ததை மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்று சோதிக்க என் அலமாரியில் இருப்பவை பீரி விஎம்ஐ (Beery VMI), டிவிபிஎஸ்-4 (TVPS-4), டிடிவிபி-3 (DTVP-3) என்ற மூன்று தேர்வுகள். மூன்றிலும் சராசரி மதிப்பெண் 100. அந்தச் சராசரி அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டது.

பீரி 15 நிமிடத்தில் முடிந்துவிடும், 2 வயதிலிருந்தே போடலாம். வடிவத்தைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். வம்பும் அங்கேதான். திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாலரை வயதுச் சிறுமி பென்சிலை உலக்கை மாதிரி பிடித்தாள். சதுரம் உருளைக்கிழங்காக வந்தது. கூட வந்த அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. “முறத்துல அரிசியக் கொட்டுங்க சார், ஒரு நெல்லு விடாம பொறுக்கிடுவா” என்றார். கலந்து கிடப்பதிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதையும் மற்ற இரண்டு தேர்வுகளும் அளக்கின்றன. பீரியின் வரைதல் தாளில் அதற்கு இடமில்லை. பார்வைக்கும் கைக்கும் தனித்தனித் துணைத்தாள்கள் உண்டு. அவற்றையும் போடாமல் ‘பார்வைத் திறன் குறைவு’ என்று எழுதுவது தப்பு.

டிவிபிஎஸ்-4இல் பென்சிலே வேண்டாம், விரலால் காட்டினால் போதும். ஆனால் 5 வயதில்தான் தொடங்குகிறது, இவளுக்கு ஆகாது. இன்னொரு சிக்கல் நம் மொழியில். “இதே மாதிரி எது?” என்று கேட்டால் அச்சு அசலாக அதுவேயா, சாயலில் ஒத்ததா? ஒரு பகுதியில் துல்லியமாக அதேதான் வேண்டும். இன்னொன்றில் பெரிதாகவோ திரும்பியோ இருந்தாலும் சரி. தமிழில் எப்படிக் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பிள்ளையின் மதிப்பெண்ணில் நம் குளறுபடியும் சேர்ந்துவிடும்.

அவளுக்கு நான் எடுத்தது டிடிவிபி-3. வயது 4 முதல் 12 வரை. வரைகிற பகுதிகளுக்கு ஒரு மதிப்பெண், காட்டுகிற பகுதிகளுக்கு வேறு. அமெரிக்கச் சராசரியைத் தள்ளிவைத்தாலும், ஒரே பிள்ளையின் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏதோ சொல்லும். என் ஓட்டு இதற்குத்தான். (தாளை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். காப்புரிமை ஒரு பக்கம். கோடு போட வேண்டிய பாதை சுருங்கினால் மதிப்பெண்ணும் மாறும்.)

அவள் காட்டுவதில் தேறினாள், வரைவதில் சறுக்கினாள். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘அமெரிக்க அளவுகோல், பென்சில் பழக்கம் இல்லை’ என்று எழுதினேன். அவள் போகிற அங்கன்வாடியில் இன்னும் சில பிள்ளைகளை வேறு வடிவங்கள் வரையச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் உருளைக்கிழங்குதான்.

ஆறு மாதம் சிலேட்டில் பழகிவிட்டு வரச் சொன்னேன். அப்பாயி, “முறத்தையும் எடுத்தாரவா?” என்றார்.

கொண்டு வாங்க என்றேன்.