செல்ஃபை மாற்றுவதா, கேபிளை மாற்றுவதா? பழைய டாடா 407 சரக்கு வண்டிக்கு நான் செய்தது

ஊட்டி அருகே கேத்தி பாலாடாவில் கேரட் மூட்டை ஏற்றியாகிவிட்டது. விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று அடித்துவிட்டு வண்டி கம்மென்று இருந்தது. ஜனவரி மாதம், புல் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி. நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளப்பினோம். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. தள்ளி எடுப்பது சமவெளியில் சரி. இங்கே இறக்கத்தில் இன்ஜின் பிடிக்காமல் போனால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் விசை) இருக்காது, பிரேக் கல்லாகிவிடும். லோடோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில், "செல்ஃப் போச்சுண்ணா, வேற போட்டுடலாம்" என்றார்கள். செல்ஃப் என்றால் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், "செல்ஃபைக் கழட்டாதே தம்பி, முதல்ல எர்த்தைப் பாரு" என்றார். எர்த் என்றால் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இன்ஜினுக்கும் போகும் இணைப்பு. நான் இரண்டாமவர் பேச்சைக் கேட்டேன். அதனால் இந்த ஒப்பீட்டில் அந்தப் பக்கமே என் சாய்வு இருக்கும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயிலும் கெட்டியாகும் என்பதால் ஊட்டிப் பக்கம் அதற்கும் கொஞ்சம் கீழே விழத்தான் செய்யும். அதில் தேறாவிட்டால் பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

செல்ஃபை மாற்றுவதில் சௌகரியம் உண்டு. அரை நாளில் வேலை முடியும், பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் காசும் கழியும். செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கு முழு வோல்ட் வந்தும், ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிட்டால் கோளாறு செல்ஃபிலேயே இருக்கலாம்: கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது செல்ஃபுக்குக் கரன்ட்டை இணைக்கும் காந்த ஸ்விட்ச்சான சொலினாய்டுக்குள் காண்டாக்ட் கருகியிருக்கும். ஆனால் 'டக்டக்டக்' என்று விடாமல் அடிப்பது வேறு கதை. சொலினாய்டு பிடிக்கிறது, உடனே வோல்ட் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்த நிலையில் புது செல்ஃபைப் போட்டாலும் அதே பட்டினிதான். விட்டுவிட்டுப் பிடிப்பதில் புது காண்டாக்ட்டும் சீக்கிரமே கருகும்.

கேபிள் பக்கம் ஏன் சாய்ந்தேன் என்பதற்கு ஒரு மீட்டர் அளவு போதும். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் கிளம்பாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டோம். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், இன்னொன்று செல்ஃப் மோட்டாரின் உடம்பில். எர்த் வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று இது காட்டும். டிரைவர் சாவியைத் திருப்பினார். 0.2 வோல்ட், மிஞ்சினால் 0.3 காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 1.4 காட்டியது. பாசிட்டிவ் பக்கம் 0.4, அதைக் குறை சொல்ல முடியாது. செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1.4 வோல்ட்டை விழுங்க 0.005 ஓம்கூடத் தேவையில்லை. அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் பக்கம் வைத்தால் பூஜ்யம் என்றே காட்டும். "கன்டின்யூட்டி இருக்கே, ஒயர் அறுபடலையே" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் திருடன் அகப்படுவான்.

அவன் ஒளிந்திருந்தது இரண்டு இடத்தில். எஃப்.சி.க்காக (வண்டியின் தகுதிச் சான்று) முன்பு சேசிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தவர்கள், அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த் லக்கை (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) முறுக்கியிருந்தார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை வேண்டும். அது பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. எர்த்துக்கு வழி கிடைக்காத கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் உருகி வழிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக பெடல் இறுக்கமாக இருக்கிறது என்று டிரைவர் புலம்பியதற்கும் விடை கிடைத்தது.

50 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் இரண்டு, புதுப் பின்னல் பட்டை, அழுத்திப் பொருத்திய லக், அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகே போல்ட். மேலே பெட்ரோலியம் ஜெல்லி. எல்லாம் சேர்த்து, செல்ஃபுக்குக் கேட்ட தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பானர் ஒரு தடவை பாடியில் பட்டாலே பொறி பறக்கும்.

பழைய ஒயரிலேயே டேப் சுற்றி ஒப்பேற்றும் மூன்றாவது வழியும் உண்டு. சமவெளியில் எப்படியோ, நம் மூடுபனியில் அது தாங்காது. டேப்புக்குள் புகுந்த ஈரம் வெளியே வராது. மேலே பளிச்சென்று இருக்கும், உள்ளே செம்பு பச்சையாகிக்கொண்டிருக்கும்.

சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயருக்கு ஒரு ரிலேயும் (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் ஸ்விட்ச்) வைத்தோம். அதன் கால்களுக்கு உள்ள எண்படி: 30-இல் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி, 87-இல் சொலினாய்டு, 86-இல் சாவி, 85-இல் எர்த். பழைய சாவி ஸ்விட்ச் மேல் பாரம் குறைகிறது. ஆனால் அந்த ரிலே ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லாம் 12 வோல்ட் 407-இல் கண்டது. 24 வோல்ட் பெரிய லாரி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பு என்று பார்த்தால், நமக்கு இரண்டு மழை. ஜூனுக்கு முன் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை எர்த் போல்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். கால் மணி நேர வேலை. கடைசியாக எர்த் பக்கம் அளந்தபோது 0.15 வோல்ட். டிரைவருக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ராத்திரி வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறார்.