அம்மாவை லபுக்கலைக்குக் கொண்டுவந்த வேன்

நாலரை நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். அந்த அரை எங்க போச்சுன்னு பின்னால வரும்.

பேராதனை ஆஸ்பத்திரியில அம்மா 19 நாள் கிடந்தாங்க. கேன்சர் ஈரல் வரைக்கும் பரவிட்டுது, வீட்டுல வச்சுப் பார்த்துக்கங்கன்னு டிக்கட் வெட்டிட்டாங்க. அம்மாவுக்கு அதுல கவலையே இல்லை. "என்னை இங்க விட்டுடாத புள்ள, நம்ம தோட்டத்து லய வீட்டுலதான்"னு எங்கிட்ட எப்பவோ சத்தியம் வாங்கி வச்சிருந்தாங்க. போற வழியில ரம்பொடை அனுமாரையும் ஒரு தரம் கும்பிடணுமாம். 2017ல தம்பி டெங்குல கிடந்தப்ப 108 வடையில மாலை சாத்துறேன்னு வேண்டினது, கையில காசு வரும்போதெல்லாம் வேற செலவு வந்து நின்னுபோச்சு. சாமிக் கடனோட போகக்கூடாதுன்னு வார்டுல அதே பேச்சு.

சத்தியம் பண்ணியாச்சு, படுத்த படுக்கையா இருக்கிற ஆளை எதுல ஏத்துறது? 1990 நம்பருக்கு அடிச்சா வர்ற சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம்தான். ஆனா அது அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வண்டி, வீட்டுல கொண்டுவந்து விடுற வண்டி இல்லை. கண்டியில ஒரு இடத்துல 5,000 அட்வான்ஸ் வாங்கிட்டு, காலையில போனை ஆஃப் பண்ணிட்டாங்க. பையும் போர்வையுமா நின்ன என்னைப் பார்த்துட்டு ஒரு அட்டெண்டன்ட் தந்த நம்பர்தான் இது. ஒண்ணரை மணித்தியாலத்துல வேன் வந்துட்டுது.

ஒக்சிஜனோட 22,000 ரூபா. டிரைவர் கம்பளைப் பக்கத்து முஸ்லிம் அண்ணன், நானான்னுதான் கூப்பிட்டேன். ஏத்த முந்தியே, "தங்கச்சி, ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் கார்ட் கையில இருக்கா? பைக்குள்ள போட்டுடாதீங்க. வீட்டுல மௌத்தானா கிராம சேவகர் மொதல்ல அதைத்தான் கேப்பாரு"ன்னார். அம்மா காதுல விழுற மாதிரி சாவுப் பேச்சைப் பேசணுமான்னு எனக்குக் கோவம். நாலாம் நாள் அவர் சொன்ன மாதிரியே கேட்டாங்க.

ஓட்டத்தைப் பத்திக் குறையே சொல்ல முடியாது. புசல்லாவை வளைவுகள்ல அம்மா நெஞ்சு மேல வச்சிருந்த தண்ணிப் போத்தல் உருளலை.

குறை ஜன்னல்தான். உள்ளே இருக்கிறவங்களை வெளியில தெரியக்கூடாதுன்னு முழுக்க வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. மலையைப் பார்த்துக்கிட்டே போகலாம்மான்னு நான் சொல்லிக் கூட்டிவந்த மனுசி, இறப்பர் வாசத்துல வேன் கூரையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. அரை நட்சத்திரம் அதுக்குத்தான்.

கோயில் ஏத்தத்துக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோக வழியில்லை. நானா வண்டியை ஓரங்கட்டி, பின் கதவு ரெண்டையும் விரியத் திறந்துவிட்டு, தலைமாட்டை உயர்த்தினார். மழை விட்ட நேரம். தேயிலை எல்லாம் சொட்டச் சொட்ட நின்னுது. எதிர்ப் பக்கம் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த ரெண்டு பேர் நிமிர்ந்து பார்த்தாங்க. அம்மா அவங்களைத்தான் முதல்ல பார்த்தாங்க, கூடை நிறைஞ்சிருக்கான்னு. பிறகுதான் கை கூப்பினாங்க. நான் மேல ஓடிப்போய் துளசியும் செந்தூரமும் வாங்கிட்டு வர்ற வரைக்கும் நானா பக்கத்துல குந்திக்கிட்டு, போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு இருந்தார். வெயிட்டிங் காசு போடலை. நான் கேட்டும் வாங்கலை.

ரம்பொடை சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சப்ப உள்ளே இருட்டிட்டுது. "இராவாயிருச்சா புள்ள?"ன்னாங்க. இல்லம்மா, இப்ப வெளிச்சம் வரும்னேன். லயத்து வாசல்ல அயல் ஆம்பளைங்க நாலு பேரோட நானாவும் ஒரு பக்கம் பிடிச்சு, கட்டில் வரைக்கும் தூக்கி வந்து விட்டுட்டுத்தான் போனார்.

வடைமாலை இன்னும் பாக்கி. வருசம் திரும்பாம மலைக் கோயில் ஏறக்கூடாதுன்னு சின்னம்மா நிக்கிறாங்க. இந்த வேன்காரங்ககிட்ட சாதாரண பதினாலு சீட் வேனும் ஒண்ணு இருக்காம், அதுக்கு விலை கேட்டு வச்சிருக்கேன். சனிக்கிழமைன்னா ஒரு மாசம் முந்தியே சொல்லிடணுமாம். ஜன்னல்ல ஸ்டிக்கர் இருக்கான்னும் கேட்டேன். இல்லையாம்.