டெர்மினல்லயே கணக்கு: பாஷ், பீசீ, ஆக் மூணுல எனக்கு ஏன் ஆக்

டெர்மினல்ல வேல பார்த்துட்டு இருக்கும்போது நடுவுல ஒரு சின்ன கணக்கு வந்தா அதுக்குன்னு கால்குலேட்டர் ஆப் தொறக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு. ஆனா எதுல போடுறதுன்னு கேட்டா பாஷ் (bash, நாம டைப் பண்ற கமாண்ட ஓட்டுற ஷெல்), பீசீ (bc, கணக்கு போடுற கருவி), ஆக் (awk, ஃபைல வரிவரியா படிச்சு வேல செய்யுற சின்ன மொழி)னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் எல்லாத்தயும் ஒரு சுத்து சுத்திட்டு ஆக்ல வந்து நின்னுட்டேன், அதனால இதுல நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீங்க.

எக்ஸ்பர்ங்கிற (expr) பழைய கணக்கு கமாண்ட் பத்தி ஒரு வரி போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவுல ஸ்பேஸ் விடணும், பெருக்கல் குறிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும். பழைய ஸ்கிரிப்ட்ல பார்த்தா படிக்கத் தெரிஞ்சா சரி, புதுசா எழுத வேணாம்.

பாஷ்லயே இருக்குற $((10/3)) முழு எண்ணுக்கு மட்டும்தான், விடை 3, தசமமே கிடையாது (ஜீஷெல்ங்கிற இன்னொரு ஷெல்ல 10/3.0 போட்டா தசமம் வரும்). லூப்ல ஒண்ண கூட்ட, கவுன்ட் எடுக்க இதுவே போதும், வேற எதயும் கூப்பிடாததால வேகமும் ஜாஸ்தி. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. $((2^3)) போட்டா 8 வராது, 1 வரும், ஏன்னா அங்க ^ எக்ஸார் (பிட் பிட்டா ஒப்பிடுற குறி), அடுக்குக்கு **  போடணும். இன்னொண்ணு, முன்னாடி சைபர் இருந்தா ஆக்டல்னு (0ல இருந்து 7 வரைக்கும் இலக்கம் மட்டும் உள்ள முறை) எடுத்துக்கும், $((010+1)) விடை 9. டேட் கமாண்ட்ல இருந்து மாசத்த அப்படியே எடுத்து கூட்டுற ஸ்கிரிப்ட் ஜூலை வரைக்கும் சமத்தா ஓடிட்டு ஆகஸ்ட்ல 08ன்னு வந்ததும் எரர் அடிச்சு படுத்துரும், அக்டோபர்ல தானா சரியாயிரும், காரணம் தெரியாதவன் மண்டைய பிச்சுக்குவான். $((10#08+1)) இப்படி எழுதினா பிரச்சனை இல்ல.

இனிமே உண்மையான போட்டி பீசீக்கும் ஆக்குக்கும்தான், ரெண்டுமே 1970கள்ல பெல் லேப்ஸ்ல பொறந்தது. பீசீ கணக்குக்குன்னே செஞ்சது, எவ்ளோ பெரிய எண்ணா இருந்தாலும் ஒரு இலக்கம் கூட விடாம போடும். அப்புறம் ஏன் அத விட்டேன்னா, ஒரே காரணம், ஸ்கேல், அதாவது தசமப் புள்ளிக்கு அப்புறம் எத்தன இலக்கம்ங்கிற அளவு.

பீசீல ஸ்கேல் சொல்லலன்னா அது 0, அதாவது 1000/1.18 போட்டா 847ன்னு மொட்டையா நிக்கும். சரி ஸ்கேல்=2ன்னு வச்சா 847.45 வரும். ஆனா உண்மையான விடை 847.4576னு போகுது, காசுக்கு ரவுண்டு பண்ணா 847.46 வரணும். பீசீ ரவுண்டு பண்ணாது, வெட்டிரும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1000 ரூபா பில்லுன்னா வரி 152.54, பீசீ விடைய வச்சு கழிச்சா 152.55. ஒரு பைசாதானேன்னு விடலாம், ஆனா பில்லுங்க வரிசையா வந்து கடைசில டோட்டல் டேலி ஆகலன்னா அந்த ஒரு பைசாவ தேடி உக்காரணும்.

இதுக்கு .005 கூட்டிக்கோன்னு ஒரு வைத்தியம் சொல்வாங்க. ஸ்கேல் 2லயே இருக்கும்போது (1000/1.18+.005)/1 போட்டுப் பாருங்க, அப்பவும் 847.45தான், ஏன்னா கூட்டுறதுக்கு முன்னாடியே வகுத்தல்ல வெட்டியாச்சு. முதல்ல ஸ்கேல்=6 வச்சு வகுத்து, .005 கூட்டி, அப்புறம் ஸ்கேல்=2க்கு இறக்கி 1ஆல வகுக்கணும். மைனஸ் தொகைன்னா கழிக்கணும். இத்தன சடங்கு எதுக்கு?

அதவிட மோசம் நடுவுல வெட்டுறது. பத்து லட்சம் லோன், 9 சதவீதம், 240 மாசம், இஎம்ஐ பார்க்கலாம்னு ஸ்கேல்=2ல உக்காந்தீங்கன்னா மாச வட்டி 9/12/100, முதல்ல .75 வரும், அத 100ஆல வகுத்தா .0075, ரெண்டு இலக்கத்துல வெட்டினா 0. வட்டியே இல்லாத லோன்! ஃபார்முலால கீழ 1-1 ஆகி சைபரால வகுக்குறியேன்னு எரர் வரும். எரர் வந்தா கூட பரவால்ல, வட்டி 15 சதவீதம்னா .0125 ஆகணும், அது .01ஆ வெட்டிட்டு, பார்க்க நியாயமா இருக்குற தப்பு விடை ஒண்ண கொடுக்கும், அதுதான் ஆபத்து. பீசீய மைனஸ் எல் (-l) போட்டு ஓட்டினா ஸ்கேல் 20 ஆயிரும், இந்தத் தொல்லை போயிரும், ஆனா விடை தசமத்துக்கு அப்புறம் நீட்டமா ரயில் பெட்டி மாதிரி வரும், திரும்ப ரவுண்டு பண்ற கத.

ஆக்ல நடுவுல எதயும் வெட்டுறதில்ல, எல்லாமே டபுள்ல (தசம எண்ண பைனரில வைக்கிற முறை) சுமார் 15 இலக்கம் வரைக்கும் கூடவே வரும், கடைசில பிரிண்ட்எஃப்ல (printf, விடைய எப்படி காட்டணும்னு சொல்றது) ரெண்டு தசமம்னு சொன்னா அங்க மட்டும் ரவுண்டு ஆகும். அதே லோன் ஒரே வரில 8997.26, பில்லு 847.46. ஃபைல்ல ரெண்டாவது காலத்தோட கூட்டுத்தொகை வேணும்னாலும் இதே ஆக்தான். தவிர யுனிக்ஸ் சாயல்ல இருக்குற கிட்டத்தட்ட எந்த மெஷின்லயும் ஆக் இருக்கும், பிஸிபாக்ஸ்ங்கிற குட்டி கமாண்ட் தொகுப்புல கூட இருக்கு. பீசீ அப்படி இல்ல, விண்டோஸ்ல ஓடுற கிட் பாஷ்ல கிடையாது, டெபியன் கண்டெய்னர்ல தனியா இன்ஸ்டால் பண்ணணும்.

ஆனா ஆக்ல பிரிண்ட்எஃப் இல்லாம சும்மா பிரிண்ட் மட்டும் போடாதீங்க, 1234567.89 கேட்டா 1.23457ன்னு சுருக்கி பத்தின் அடுக்கு 6னு காட்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருந்து 12,34,567னு கமாவோட ஒட்டினா அத மூணு தனி எண்ணா நெனச்சு 12 34 567ன்னு எரர் கூட இல்லாம பிரிண்ட் பண்ணும்.

ரவுண்டிங் பத்தி இவ்ளோ பேசிட்டு இதயும் சொல்லணும், ஆக்கும் நூத்துக்கு நூறு இல்ல. 2.675 கொடுத்தா 2.68 வராது, 2.67தான், பைனரில அந்த எண் ஒரு துளி கம்மியாதான் சேவ் ஆகுது. சரியா பாதில நிக்குற பைசா அடிக்கடி வர்ற கணக்குன்னா பைத்தானோட டெசிமல் மாடியூல்தான் சரி, ஆனா அத நான் ரொம்ப யூஸ் பண்ணதில்ல. அதே மாதிரி 9007199254740992க்கு மேல 1 கூட்டினா சாதாரண ஆக்ல எண் அசையாது, அந்த அளவு பெரிய எண்ணுக்கு இப்பவும் நான் பீசீயத்தான் தொறக்குறேன், முழு எண்ணுல அதுக்கு வெட்ட எதுவும் இல்லையே.