எண்டர் 3-க்குப் புது போர்டு: அப்படியே பொருந்துவதா, தட்டு அச்சிட்டு மாட்டுவதா?

எண்டர் 3 என்ற என் 3டி பிரிண்டரில், பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலும் கீழும் நகர்த்தும் இசட் மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கினேன். அந்த நொடியே அந்த மோட்டாரை ஓட்டும் சிப்பான டிரைவர் போய்விட்டது. போனது ஒரே ஒரு சிப்தான். பழைய கட்டுப்பாட்டு போர்டில் நான்கு டிரைவர்களும் சால்டர் வைத்தவை என்பதால் முழு போர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பார்த்தவை இரண்டு. எஸ்.கே.ஆர். மினி இ3 வி3, எண்டர் 3-இன் திருகு ஓட்டைகளிலேயே அப்படியே உட்காரும். எஸ்.கே.ஆர். 1.4 டர்போ பெரியது, ஓட்டை ஒத்துவராது. அதற்குப் போர்டைத் தாங்கும் தட்டு, பெட்டி, ஃபேன் தாங்கி எல்லாம் நாமே அச்சிட வேண்டும். நான் வாங்கியது இரண்டாவது.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுமே 32 பிட், இரண்டிலும் டி.எம்.சி. 2209 என்ற சத்தமில்லாத டிரைவர் இருந்தால் ஃபேன் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். விலையில் மினிதான் லாபம். டர்போவுக்கு டிரைவர்களைத் தனியாக வாங்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை பராமரிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மினியில் டிரைவர்கள் போர்டோடு சால்டர் வைத்தே வருகின்றன. ஒன்று போனால் மறுபடி என் பழைய கதைதான். டர்போவில் அவை சாக்கெட்டில் செருகுபவை, அதுவும் ஐந்து இடங்கள். எண்டருக்கு நான்கு போதும். எட்டு மாதம் கழித்து, பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் சுற்றாமல் நின்றது. பவரை அணைத்து, பக்கவாட்டில் நகர்த்தும் எக்ஸ் மோட்டாரின் டிரைவரையும் எக்ஸ்ட்ரூடர் டிரைவரையும் இடம் மாற்றிச் செருகினேன். இப்போது எக்ஸ்ட்ரூடர் சுற்றியது, எக்ஸ் நின்றது. மோட்டாரிலோ வயரிலோ கோளாறில்லை, டிரைவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்து செருகினேன், வேலை முடிந்தது. செருகும்போது திசையை மட்டும் இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகப் போட்டால் டிரைவர் போவது நிச்சயம், சில சமயம் போர்டும் சேர்ந்து போகும்.

இதற்குக் கொடுக்கும் விலை, அச்சிடும் பாகங்களில் எடுக்க வேண்டிய கவனம். என் முதல் தட்டில் தூண்களை 3 மி.மீ. உயரத்தில் வைத்தேன். போர்டின் பின்பக்கச் சால்டர் முனைகள் தட்டை முட்டி, திருகை முறுக்கியதும் போர்டு லேசாக வளைந்தது. 6 மி.மீ. ஆக்கியதும் சரியானது. வழக்கமான அச்சுப் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ.வில் அச்சிடாதீர்கள், 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும், டிரைவர்கள் சூடாகும் இடம் இது. இன்னொரு பிளாஸ்டிக்கான பி.இ.டி.ஜி. நம்பகமானது, கிட்டத்தட்ட 80 டிகிரி வரை தாங்கும். நான் பெட்டியை இயந்திரத்தின் பின்னால் மாட்டி, 40 மி.மீ. ஃபேனைப் பக்கவாட்டில் டிரைவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். பழைய இடத்தில் ஃபேன் மேலே திறந்திருந்ததால் பிளாஸ்டிக் இழைத் துணுக்குகள் உள்ளே விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றிரண்டு வயர்களை நீட்ட வேண்டியிருந்தது. நுனியில் சால்டர் பூசித் திருகின் கீழ் வைத்தால் நாளடைவில் அமுங்கித் தளர்ந்து சூடேறும். வயர் நுனியில் ஃபெருல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு நசுக்கிவிடுங்கள்.

மினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது நண்பர் வீட்டு மெஷினில் சில நாள் ஓட்டிப் பார்த்த அளவுதான். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் ஒன்றிரண்டு பொம்மை அச்சிடுபவருக்கு அதுவே போதும் என்றுதான் தோன்றுகிறது. சுவிட்ச் இல்லாமல் ஹோம் ஆவது (தொடக்க இடத்தைத் தானே கண்டுபிடிப்பது), கிளிப்பர் என்ற மென்பொருள் இரண்டையும் நான் தொடவில்லை, பிரிண்டரை இயக்கும் மார்லின் மென்பொருளிலேயே ஓட்டுகிறேன்.

டர்போதான் என்று முடிவெடுத்தால், பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே தட்டையும் மூடியையும் அச்சிட்டு எடுத்துவிடுங்கள். என் மெஷின் ஏற்கெனவே நின்றுபோயிருந்ததால், அந்த நண்பர் வீட்டு மெஷினில்தான் இரண்டு தட்டுகளையும் அச்சிட வேண்டியிருந்தது.